கறைப்பல்லோடு ஊருக்கு ஐந்து நாள்

முதல் நாள்: மொரப்பூரில் இறங்கி

"ஆன்ட்டி, நீங்கள் பல்லே விளக்க மாட்டீர்களா?"

ஜோலார்பேட்டை தாண்டியிருந்தது. எதிர் இருக்கையில் அம்மாவின் மடியில் சரிந்திருந்த சிறுமிக்கு ஐந்து வயது இருக்கும். கேள்வி முடிவதற்குள் அம்மாக்காரி அவள் தொடையில் கிள்ளிவிட்டாள். தப்பு என்னுடையதுதான். கொய்யாப்பழம் கடிக்கும் சுகத்தில் வாயை மறைக்க மறந்துவிட்டேன். சாதாரணமாக மறப்பதில்லை, சிரித்தால் வலது கை தானாக வாய்க்குப் போய்விடும். நாற்பது வருடப் பழக்கம்.

"இரண்டு வேளையும் விளக்குகிறேன் கண்ணு. சின்ன வயதில் குடித்த தண்ணீர் அப்படி" என்றேன். அவள் தன் தண்ணீர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, குடிக்காமல் கீழே வைத்துவிட்டாள்.

குழந்தைகளாவது கேட்கிறார்கள். பெரியவர்கள் கேட்பதில்லை, முடிவு செய்துகொள்கிறார்கள். முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மூன்று வருடம் என்னைப் புகையிலை போடுகிறவள் என்றே நினைத்திருந்தார்கள். 1999-இல் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், "பெண்ணைக் கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்கள்" என்றார்கள். சிரித்தேன். பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அத்தோடு சரி.

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மண்ணுக்கு அடியில் ஃப்ளோரைடு கலந்த பாறை. ஆழத்தில் நெடுநாள் கிடக்கும் தண்ணீரில் அது கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதை மிஞ்சிய தண்ணீரைக் குழந்தை தொடர்ந்து குடித்தால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் மேற்பூச்சு கெட்டு, முளைக்கும்போதே பழுப்புக் கோடுகளோடு முளைக்கும். சாம்பல், கரித்தூள், உப்பு, எலுமிச்சை எதற்கும் போகாது. நான் எல்லாவற்றையும் தேய்த்துப் பார்த்தவள்.

இந்தப் பயணம் பல்லுக்காக இல்லை, ஒரு கையெழுத்துக்காக. தாத்தா வழி வந்த நிலத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பதிவு. விடுப்பு கிடைத்ததே என்று திங்கட்கிழமையே கிளம்பிவிட்டேன்.

மொரப்பூரில் இறங்கி தருமபுரிக்கு பஸ் பிடித்தேன். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக இதுதான் வழி. இரவு டவுனில் ஒரு லாட்ஜ். "கூட யாரும் வரவில்லையா?" என்ற கேள்வி மூன்று முறை வந்தது. என் ஆதார் அட்டையை வாங்கிக்கொண்டு, கணவரின் கைபேசி எண்ணையும் கேட்டார்கள். எனக்குப் பின்னால் நின்ற இளைஞரிடம் எந்த எண்ணும் கேட்கவில்லை. அலுப்பு, சண்டை போடவில்லை.

இரண்டாம் நாள்: பென்னாகரம் பக்கம், எங்கள் ஊர்

பஸ்ஸிலிருந்து இறங்கினால் முதலில் காலனி, அப்புறம் ஊர். அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். கண்டக்டர் இன்னும் "காலனி ஸ்டாப்" என்றுதான் குரல் கொடுக்கிறார். டிக்கெட் வாங்கும்போது நானும் அப்படித்தான் சொன்னேன். நான் பிறந்த ஊரின் நிறுத்தத்துக்கு வேறு பெயர் எனக்குத் தெரியாது.

மாசி, பங்குனி எங்கள் பக்கம் புளிக் காலம். அண்ணன் வீட்டுக் களத்தில் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். ஓட்டை உடைத்து, நாரை உருவி, கல்லின் மேல் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் கொட்டை தெறித்து விழும். விரல் நுனிகள் கறுத்து, நகக்கண் வெடித்திருந்தது. அந்த வெடிப்பில் புளி ஏறினால் எப்படி எரியும் என்பது தட்டியவர்களுக்குத்தான் தெரியும். கூலி கிலோக் கணக்கு. மரத்தில் ஏறி உலுக்கும் ஆண்களுக்கு நாள் கூலி. சம ஊதியச் சட்டம் வந்தது 1976-இல். "அது வேறு வேலை, இது வேறு வேலை" என்ற ஒரே வாக்கியத்தில் ஊர் அதைத் தாண்டிவிட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதை எங்கள் ஊர் கண்ணால் பார்த்ததே 100 நாள் வேலை வந்த பிறகுதான்.

பதினொரு மணிக்குத் தேநீர். எனக்கும் அண்ணனுக்கும் எவர்சில்வர் டம்ளரில் வந்தது. களத்துக்குப் பேப்பர் கப்பில் போனது.

"ஏன் அண்ணி, டம்ளர் இல்லையா?"

"அத்தனையையும் யார் கழுவுவது? இதுவென்றால் குடித்தோமா, போட்டோமா என்று இருக்கும். சுத்தமும்கூட."

உள்ளே பிளாஸ்டிக் பூசிய அந்தக் கப், 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. அதைச் சொல்லிப் பார்த்தேன். அண்ணி சிரித்தார். பிற்பகல் அவருடைய பிறந்த வீட்டார் ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பது எவர்சில்வர் டம்ளர்கள் வந்தன. அவர்கள் போன பிறகு ஒன்பதையும் அண்ணியே கழுவிக் கவிழ்த்தார்.

பாட்டி காலத்தில் மாட்டுக் கொட்டகையின் எரவானத்தில் இரண்டு தேங்காய்த் தொட்டிகள் செருகியிருக்கும். வேலைக்கு வருகிறவர்கள் தாங்களே எடுத்து, தாங்களே கழுவி, தாங்களே செருகிவிட்டுப் போவார்கள். பாட்டி தன் சொம்பு தொட்டியில் படாமல் ஒரு முழ உயரத்திலிருந்து கூழ் ஊற்றுவாள். ஒரு சொட்டு சிந்தாது. பிள்ளைகள் நாங்கள் அந்தக் கைத்திறமையை மெச்சுவோம். சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு யார் அதிக உயரத்திலிருந்து சிந்தாமல் ஊற்றுவது என்று பந்தயம்கூட வைத்திருக்கிறோம். நான்தான் ஜெயிப்பேன்.

மாலையில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனேன். டேங்க் ஆபரேட்டர் என்னோடு ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். காலனிக்காரர். அவர் சிரித்ததும் கண்ணாடியைப் பார்த்ததுபோல் இருந்தது. அதே பழுப்புக் கோடுகள், மேல்வரிசையில் அதே இடத்தில்.

இதற்கு ஒரு கதை இருக்கிறது. ஊருக்குள் ஆழம் குறைந்த ஒரு பொதுக்கிணறு இருந்தது. நல்ல தண்ணீர். காலனிக்காரர்கள் அதில் இறங்கக் கூடாது. அவர்களுக்கு ஆழ்துளை போட்டு அடிபம்பு வைத்துக் கொடுத்தார்கள். 1977-இல் என் அப்பாவும் தோட்டத்தில் ஒரு போர் போட்டார். முந்நூறு அடி. சுற்றுவட்டாரத்திலிருந்து வந்து வேடிக்கை பார்த்தார்களாம். நாங்கள் தோட்டத்து வீட்டில் இருந்தோம். அந்தத் தண்ணீரையே குடித்தோம். அண்ணனை மட்டும் படிப்புக்காக ஊருக்குள் பாட்டி வீட்டில் விட்டிருந்தார்கள். பையன் தோட்டத்திலிருந்து நடந்து போய்ப் படிப்பதா? நான் நடந்துதான் போனேன். வந்து ஆட்டையும் பார்த்துக்கொண்டேன். அண்ணனுக்குக் கிணற்றுத் தண்ணீர், முத்துப் பல். எனக்கும் அடிபம்புத் தண்ணீர் குடித்த பிள்ளைகளுக்கும் ஒரே பல். அந்தக் கிணற்றில் காலனிக்காரர்களை இறங்கவிடாமல் நின்று காத்தவர்களில் அப்பாவும் ஒருவர்.

பொதுக் கிணறும் பொதுப் பாதையும் எல்லோருக்கும் பொது என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924-இல். கிணறு, குளம், படித்துறை, கடை, ஹோட்டல் என்று இடம் இடமாகப் பெயர் சொல்லியே 15-ஆம் பிரிவில் எழுதிவைத்த அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950-இல். எங்கள் கிணறு 1990 வாக்கில் வற்றியது. வற்றும்வரை ஊர்க்கிணறாகவே இருந்து வற்றியது.

"மேல்மூடிக்கு ஏன் இவ்வளவு பெரிய பூட்டு?" என்று கேட்டேன். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டிக்குள் மலம் கிடந்த செய்தியைப் பார்த்த மறுநாள் தன் கைக்காசில் வாங்கிப் போட்டாராம். சாவியை இடுப்புக் கயிற்றில் கட்டியிருக்கிறார். "உட்காருங்கள் அம்மா" என்று ஒரு கல்லைத் துடைத்துவிட்டார். ஐந்தாம் வகுப்பில் என் சிலேட்டைப் பிடுங்கிக்கொண்டு "போடி" என்றவர். ஆறாம் வகுப்பில் அது "நீங்கள்" ஆனது. யார் சொல்லிக் கொடுத்தது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பதினோரு வயதில் அது மரியாதை என்று நினைத்து மகிழ்ந்திருப்பேன்.

இப்போது இரவு பத்து மணி. திண்ணையில் கொசு. தேங்காய்த் தொட்டி, சொம்பு, பேப்பர் கப் என்று அண்ணியைக் குறை சொல்லி ஒரு பக்கம் எழுதிவிட்டு, தண்ணீர் குடிக்க எழுந்தபோதுதான் உறைத்தது. சென்னையில் என் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவுக்கு நான் காபி கொடுப்பது நீலப் பூப்போட்ட ஒரு பீங்கான் கோப்பையில். அழகான கோப்பை. "அவருக்கென்றே தனியாக வைத்திருக்கிறேன்" என்று ஒரு தோழியிடம் பெருமையாகவே சொல்லியிருக்கிறேன். அது மற்றக் கோப்பைகளோடு அலமாரியில் இருக்காது. சிங்க்குக்குக் கீழே, பினாயில் பாட்டில் பக்கத்தில் இருக்கும். ஆறு வருடமாக அங்கேதான் இருக்கிறது. அங்கே வை என்று நான் சொன்னதில்லை. குடித்துவிட்டு அவரே கழுவி அங்கே வைக்கிறார். வேண்டாம் என்றும் நான் சொன்னதில்லை.

மூன்றாம் நாள்: பாப்பாரப்பட்டி, ஒகேனக்கல்

பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா மணிமண்டபத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை, காவலரும் ஒரு நாயும் தவிர. பள்ளியில் படித்ததெல்லாம் அவர் சிறை சென்றார் என்பதுதான். சிறையில் தொழுநோய் பிடித்ததும், நோயாளி ரயிலில் ஏறக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு தடுத்ததும், அவர் நடந்தும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசியதும் பிற்பாடு தெரிந்துகொண்டவை. 1925 ஜூலை 23 அன்று இந்த ஊரில்தான் இறந்தார். அவர் உடம்பைப் பார்த்து எத்தனை பேர் திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே போயிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். தொழுநோயை மணவிலக்குக்குப் போதுமான காரணமாக நம் சட்டம் 2019 வரை வைத்திருந்தது; மருந்து வந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும்.

ஒகேனக்கல்லைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பரிசல், எண்ணெய்க் குளியல், வறுத்த மீன் எல்லாம் இருக்கின்றன. தண்ணீர் குறைவு. பாறையில் உட்கார்ந்து கால் நனைத்தேன். இந்த ஆறு எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை 2008-இல் தொடங்கினார்கள். கர்நாடகத்தில் அதற்கு எதிர்ப்பு எழுந்தது. ஜப்பான் கடன் கொடுத்தது. 2013-இல் குழாயில் தண்ணீர் வந்தது. நேற்று டேங்க் ஆபரேட்டரின் பேத்தி ஓடிவந்து சிரித்தாள். வெள்ளைப் பல். "ஆற்றுத் தண்ணீர்ப் பல்" என்று அவர் சொன்னார், ஏதோ நகை வாங்கிப் போட்டதுபோல. சில நாள் ஆற்றுத் தண்ணீர் வராது, அன்றைக்குப் போர்த் தண்ணீரைத்தான் திறந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். அந்த நாளில் பேத்திக்கு மட்டும் முதல் நாள் பிடித்து வைத்த குடத்திலிருந்து கொடுப்பாராம்.

நான்காம் நாள்: அரூர்

அத்தையைப் பார்க்க அரூர் போனேன். பஸ் நிலையத்தில் சித்தேரி மலைப் பக்கம் போகும் வண்டியைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. வாச்சாத்தி அந்த மலையடிவாரத்தில்தான் இருக்கிறது.

1992 ஜூன் 20. வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி அந்த மலையாளிப் பழங்குடி (கேரளத்து மலையாளிகள் இல்லை, மலைவாழ் மக்கள்) கிராமத்துக்குள் புகுந்தார்கள். வீடுகளை உடைத்தார்கள், ஆண்களையும் பெண்களையும் அடித்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். 1995-இல் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. ஒருவர்கூட விடுதலையாகவில்லை. 2023-இல், அதே செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 வருடம்.

எனக்கு அப்போது 16 வயது. அந்த வாரங்களில் எங்கள் வீட்டுத் திண்ணையில் என்ன பேசினார்கள் என்பது நன்றாக நினைவிருக்கிறது. "கட்டை கடத்துகிறவர்கள் வீட்டுக்குப் போலீஸ் வராமல் யார் வருவார்கள்?" என்றார் ஒரு பெரியப்பா. "மலைக்காரப் பெண்கள் அப்படித்தான் ஏதாவது சொல்வார்கள்" என்றார் இன்னொருவர். நல்ல மனிதர்கள். எனக்குத் தாவணி வாங்கிக் கொடுத்தவர்கள். அந்த மலையை அதுவரை ஒருவரும் ஏறிப் பார்த்ததில்லை. நான் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனேன். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார் பல்லைப் பார்த்து எடை போட்டுவிட்டார்கள் என்று இருபத்தைந்து வருடமாக மனம் நொந்திருக்கிறேன்; அந்தத் திண்ணைப் பேச்சை நானும் நம்பினேன் என்பதை இன்று அரூர் பஸ் நிலையத்தில் நிற்கும்வரை ஒருமுறைகூட எடுத்துப் பார்க்கவில்லை.

வண்டி புறப்பட்டது. நான் ஏறவில்லை. வேடிக்கை பார்க்கப் போகிற இடம் இல்லை அது. அத்தை கொள்ளுக் குழம்பும் களியும் செய்திருந்தார்.

ஐந்தாம் நாள்: பதிவு அலுவலகம்

பத்திர எழுத்தரின் அறையில் மின்விசிறி சத்தம்தான் பெரிது. பத்திரம் தயாராக இருந்தது. நான் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்சிலில் புள்ளி வைத்திருந்தார்கள். 'எனது சுயவிருப்பத்தின் பேரில்' என்று நான்கு இடத்தில் இருந்தது. நான் இன்னும் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து எழுத்தர் அண்ணனைப் பார்த்தார்.

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோ 1792 முதல் 1799 வரை இந்தப் பாராமகாலில், அதாவது எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில், வேலை பார்த்தவர். அலெக்சாண்டர் ரீடோடு சேர்ந்து ரயத்துவாரிக்கு அடிபோட்டது இங்கேதான். நிலத்துக்கு ஒரு பெயர், அந்தப் பெயரோடு சர்க்காருக்கு நேர்க் கணக்கு. அந்தப் பெயர் ஆண்பிள்ளைப் பெயராக இருக்கும் என்பதை யாரும் எழுதிவைக்க வேண்டியிருக்கவில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு செய்த சட்டம் 1989 மார்ச் முதல் செல்லுபடியானது. அன்றைக்கு மணமாகாமல் இருந்த பெண்களுக்கு அது பொருந்தும். எனக்கு அப்போது 13 வயது. 2005-இல் இந்தியா முழுவதற்கும் வந்தது. ஆகவே பாதி என்னுடையது. இது எனக்கு எப்போதோ தெரியும். தெரிந்துதான் கையெழுத்துப் போட வந்திருந்தேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் நல்ல பெண்கள் அப்படித்தான் செய்தார்கள்.

"பாதி வேண்டும் அண்ணா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். "இருபத்தைந்து பவுன் போட்டோமே. உனக்கு என்ன குறை வைத்தோம்?" என்று உண்மையாகவே கேட்டார்.

"உனக்குக் கிணற்றுத் தண்ணீர் கொடுத்தார்கள்" என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. எழுத்தருக்கு அதைவிடப் புரியவில்லை. பென்சில் புள்ளிகளோடு பத்திரம் பைக்குள் போனது. அண்ணன் என்னை பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டுப் பேசாமல் போனார். அந்த நிலத்தில் மூன்று தலைமுறையாகப் புளி தட்டியவர்களுக்கு எந்தச் சட்டத்திலும் பங்கு இல்லை. அதை நானும் அந்த மேஜையில் பேசவில்லை.

பென்னாகரம் பஸ் நிலையத்தில் டேங்க் ஆபரேட்டர் நின்றிருந்தார். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குச் சம்பளப் பாக்கி கேட்க வந்தாராம். தேநீர் குடிக்கலாமா என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டு வந்தார். கண்ணாடி டம்ளர்; எல்லோருக்கும் ஒரே டம்ளர்தான். பேத்தியின் பள்ளிக்கூடம், மோட்டார் எரிந்துபோனது, இந்த வருடம் மாம்பூ குறைவு என்று பேசினோம். குடித்து முடித்ததும் அவர் வாளிப் பக்கம் குனிந்து, தன் டம்ளரை முக்கிக் கழுவி, பெஞ்சின் ஓரத்தில் கவிழ்த்து வைத்தார்.

டீ மாஸ்டருக்கு இருபது வயது இருக்கும். "ஏன் தாத்தா, நீங்கள் எதற்குக் கழுவுகிறீர்கள்? வைத்துவிட்டுப் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான்.

"கை தானாகப் போய்விடுகிறது தம்பி" என்று சிரித்தார் அவர். எனக்கும் சிரிப்பு வந்தது. என் வலது கை வாய்க்கு வந்திருந்தது.

தருமபுரி வண்டி வந்துவிட்டது. "பார்த்துப் போங்கள் அம்மா" என்றார்.